இரண்டாவது ரத்தம்

1987ஆம் ஆண்டு ஒரு காலையில் எங்கள் ஊர்ச் சமூகக் கூடத்துப் பெஞ்சில் அம்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பகல் வேளையில் அவள் அவ்வளவு நேரம் கைகட்டி உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. முந்தைய இரவிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. மயங்கி விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் அப்பா என்னைத் துணைக்கு அனுப்பியிருந்தார். துணியில் சுற்றிய ரொட்டியும் வெண்ணெயும் என் மடியில் இருந்தன. எல்லாம் முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

நீரிழிவு, அதாவது சர்க்கரை நோய், யாருக்கு இருக்கிறது என்று கண்டறியும் ஆய்வு அது. முதலில் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இடுப்பைச் சுற்றி நாடா வைத்து அளந்தபோது அம்மா வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீர் வந்தது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்தது. தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கிற அம்மாவுக்கே அது திகட்டியது. இனி இரண்டு மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது, வெளியே நடந்து போகவும் கூடாது, அப்புறம் இன்னொரு முறை ரத்தம் எடுப்போம் என்றார் நர்ஸ்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "மோ பா மலாத்" என்றாள். எங்கள் வீட்டிலும் மொரீஷியஸில் பெரும்பாலான தமிழர் வீடுகளைப் போல, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான் பேச்சுமொழி. எனக்கு நோய் ஒன்றும் இல்லையே என்பது அதன் பொருள். நோய் இல்லாதவளை எதற்காக இரண்டு முறை குத்த வேண்டும்?

நர்ஸ் பொறுமையாகப் பதில் சொன்னார். "நோய் இல்லாதவங்களும் வரணும் அம்மா. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை மட்டும் எண்ணினா, வராதவங்க கணக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பதிலுக்குள் பால் ஜிம்மெட் என்ற மருத்துவரின் முழு வாழ்நாள் வேலையும் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு ரொம்ப காலம் கழித்துத்தான் தெரிந்தது. ரெடுயியில் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்த என் அண்ணன் மகள், ஒருநாள் ஒரு கட்டுரையை அச்செடுத்து வந்து மேசையில் வைத்தாள். 1990இல் 'டயபடிஸ்' என்ற மருத்துவ இதழில் வந்தது. மொரீஷியஸில் 25 முதல் 74 வயது வரையிலான 5,080 பேரைச் சோதித்ததாக அதில் இருந்தது. "அத்தை, இதுல பாட்டி இருக்காங்க" என்றாள். பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்த 5,080இல் ஒன்று அம்மா. அன்றிலிருந்து அந்தக் கட்டுரைக்குப் பின்னால் இருந்தவர்களைத் தேடித் தேடி வாசித்தேன். நான் தமிழ் வாத்தியார், மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனாலும் இது எங்கள் வீட்டுக் கதை என்பதால் விடமுடியவில்லை.

அந்த ஆய்வுக் குழுவில் ஆஸ்திரேலியாவின் பால் ஜிம்மெட் இருந்தார். மெல்போர்னில் 1984இல் பன்னாட்டு நீரிழிவு நிறுவனத்தை உருவாக்கியவர். களத்தில் முன்னின்று, கட்டுரையின் முதல் பெயராக நிற்பவர் கேரி டவுஸ். இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் ஆல்பர்ட்டி. எங்கள் சுகாதார அமைச்சின் பக்கத்திலிருந்து ஹஸ்ஸாம் கரிபூ. நம் ஊர் மருத்துவரின் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத்தான் வேண்டும். அம்மாவைச் சமாதானப்படுத்திய நர்ஸின் பெயர் எங்கே என்றும் தேடினேன். அது இல்லை.

ஜிம்மெட்டின் வாழ்க்கையை எங்கள் தீவிலிருந்து தொடங்கினால் புரியாது. நவுருவிலிருந்து தொடங்க வேண்டும். பசிபிக் கடலின் நடுவே 21 சதுர கிலோமீட்டர் கொண்ட துளித் தீவு அது. பாஸ்பேட் வெட்டி விற்றதில் திடீரென்று பணம் குவிந்த இடம். 1970களின் நடுவில் அங்கே போய், ஊரில் யார் நோயாளி என்று கேட்காமல், பெரியவர்களை வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடி மக்களிடையே பீட்டர் பென்னட்டும் அவர் தோழர்களும் கண்டதற்கு நிகரான அளவு இது. பணக்கார நாட்டு முதியவர்களின் நோய் என்று பாடப்புத்தகம் சொன்ன ஒன்று, மீன்பிடித்து வாழ்ந்த மக்களிடம் ஒரே தலைமுறையில் வந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்து ஃபிஜி. இங்கேதான் கதை நம்மைத் தொடுகிறது. ஃபிஜிக்கும் நம்மவர்கள் கரும்பு வெட்டத்தான் கப்பலேறிப் போனார்கள். 1903 முதல் மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்தது அதற்கும் ஏறத்தாழ எழுபது ஆண்டு முன்பு, 1834இல். அதற்கும் ஒரு நூறு ஆண்டுக்கு முன்பே பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்துவிட்டார்கள். ஃபிஜியில் ஜிம்மெட் குழு தீவின் பூர்வகுடிகளான மெலனீசிய மக்களையும் இந்திய வம்சாவளியினரையும் ஒப்பிட்டது. மெலனீசியர்களில் கிராமத்தில் குறைவு, நகரத்தில் கூடுதல். இந்தியர்களிடம் கிராமமா நகரமா என்பது பெரிய வித்தியாசம் காட்டவில்லை. இரண்டு இடத்திலும் அதிகம்.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். கரும்புக்காட்டில் குனிந்து நிமிர்ந்தவனுக்கும் இதே நோயா? அப்படியானால் ரத்தத்திலேயே ஊறியதா? எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். "நம்ம ஜாதகத்துல எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு காத்தோ பிமாவை, அதாவது மிளகாய் வடையை, எடுத்துக்கொள்வார்கள். விஞ்ஞானிகளிடமும் இதற்கு ஒரு வடிவம் இருந்தது. 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியல் அறிஞர் சொன்ன 'சிக்கன மரபணு'. பஞ்சத்தில் உயிர் காத்த மரபணு, பந்தி விரித்த காலத்தில் உடலைக் கெடுக்கிறது என்ற கருத்து. நவுருவை விளக்க ஜிம்மெட்டும் அதைத்தான் கையில் எடுத்தார். அழகான விளக்கம்தான். பஞ்சத்தின் பேரப்பிள்ளைகளான நமக்கு அதில் ஒரு சோகமான பெருமைகூட இருக்கிறது. ஆனால் எங்கள் தீவு அதை அத்தனை சுலபமாக நம்பவிடவில்லை.

மொரீஷியஸை அவர்கள் தேர்ந்தெடுத்ததன் அருமை இங்கேதான் இருக்கிறது. ஒரே வெயில், ஒரே கடை, ஒரே அரிசி. அதில் இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1987 ஆய்வின் முடிவை இந்து இந்தியர், முஸ்லிம் இந்தியர், கிரியோல் எனப்படும் ஆப்பிரிக்க வழிக் கலப்பினத்தவர், சீனர் என்று நான்காகப் பிரித்து வெளியிட்டார்கள். தமிழருக்கென்று தனிக் கட்டம் கிடையாது. நீரிழிவு இருந்தது இந்து இந்தியரில் 12.4 சதவீதம், முஸ்லிம்களில் 13.3, கிரியோல்களில் 10.4, சீனர்களில் 11.5.

இந்த நான்கு எண்களை நான் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப் பார்த்திருக்கிறேன். எந்த எண் எந்தச் சமூகத்துக்கு என்று சொல்லாமல் எழுதினால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் சீனப் பெருநாட்டில் இந்த நோய் மிகக் குறைவு. போர்ட் லூயியின் சீனக் கடைத்தெருவில் பத்தில் ஒருவருக்கு மேல். தாத்தா வந்த கப்பல் வேறு வேறு. பேரன் வந்து சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்று. அடுத்த ஆண்டே அதே குழு இன்னொரு கட்டுரையில் வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பையும் உடலுழைப்புக் குறைவையும் நான்கு சமூகங்களிலும் காரணிகளாகக் காட்டியது. மரபுக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஜாதகம் மட்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட இனி வழியில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் எனக்கு இது இன்னும் தெளிவாகிறது. அவளுடைய அம்மா கரும்புத் தோட்டத்தில் களை பறித்தவள். விடியுமுன் எழுந்து நடந்து போய், வெயிலில் குனிந்து, நடந்தே திரும்பியவள். அம்மா இருபத்தெட்டு வயதில் துணி ஆலைக்குப் போனாள். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. 80களில் தீவு முழுக்கப் பின்னலாடை ஆலைகள். ஆலை வேன் வாசலுக்கே வந்து அழைத்துப் போகும். எட்டு, ஒன்பது மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் நாற்காலி. மாலையில் வேன் வாசலிலேயே இறக்கிவிடும். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம், வீட்டுக்குக் காங்கிரீட் கூரை வந்தது, குளிர்பதனப் பெட்டி வந்தது, அதற்குள் சிவப்பும் மஞ்சளுமாய் லிமோனாட் புட்டிகள் வந்தன. அந்த வேலையை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். பெண்கள் தங்கள் கையில் பணத்தை முதன்முதலாகப் பார்த்த காலம் அது. ஆனால் பாட்டியின் கால்கள் நடந்த தூரத்தை அம்மாவின் கால்கள் நடக்கவில்லை. பாட்டி சாப்பிட்ட அதே அளவு சோற்றைத்தான் அம்மாவும் சாப்பிட்டாள்.

அம்மாவின் இரண்டாவது ரத்தத்தில் அன்று வந்த சர்க்கரை அளவு லிட்டருக்கு 9.4 மில்லிமோல். 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு, 7.8க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. அம்மா நடுவில் இருந்தாள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, சர்க்கரையைக் குறையுங்கள், நடங்கள், மறுபடியும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சில மாதங்கள் தேநீரில் சர்க்கரை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. பிறகு ஒரு கல்யாணம், ஒரு புரட்டாசி, ஒரு தீபாவளி. மறுபடியும் மூன்று.

புரட்டாசியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே அந்த விரதத்தைக் கோவிந்தன் என்போம். வாழையிலையில் ஏழு கறி. கிரியோலில் அதற்கு செத் காரி என்று பெயர். பூசணி, பலாக்காய், கீரை, வாழைக்காய், ராசோன், அதாவது ரசம், எல்லாம் இருக்கும். அந்த இலையை நோய்க்குக் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை. பருப்பும் காயும் கீரையும் நிறைந்த இலை அது. நடுவில் மலைபோல் குவிக்கிற வெள்ளைச் சோற்றைப் பாதியாக்கி, கடைசியில் வரும் பாயசத்தை ஒரு கரண்டியோடு நிறுத்தினால், எந்த உணவியல் நிபுணரும் அந்த இலையைப் பார்த்துக் கை கூப்புவார்.

1990 வாக்கில் அம்மாவுக்கு அடிக்கடி களைப்பு. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பாள். காசு கொடுத்துப் பார்த்தால் நன்றாகப் பார்ப்பார்கள் என்று அப்பா ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப் போனார். வெறும் வயிற்றில் ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். 6.3. அன்றைய அளவுகோலில் வெறும் வயிற்றில் 7.8 வந்தால்தான் நீரிழிவு. "உங்களுக்குச் சர்க்கரை கிடையாது, தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். 1987இல் கொடுத்த சீட்டை அம்மா கைப்பையில் வைத்திருந்தாள். அதைக் காட்டியபோது மருத்துவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அந்தச் சொல் விடுதலைபோல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே அலூடா என்ற இனிப்புப் பால் பானம் வாங்கிக் குடித்தோம். நானும் குடித்தேன்.

1992இல் அதே ஆய்வுக் குழு மறுபடி வந்தது. அதே கூடம். 1987இல் வந்தவர்களை வீடு வீடாகத் தேடிக் கூப்பிட்டார்கள். ஆய்வு என்றால் ஒருமுறை வந்து அளந்துகொண்டு போவது என்று நினைத்திருந்த ஊருக்கு இது ஆச்சரியம். அம்மாவுக்கு வெறும் வயிற்றில் 6.9. இரண்டு மணி நேரம் கழித்து 14.2.

அந்த வெறும் வயிற்று எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அன்றும் அவளுக்குச் சர்க்கரை கிடையாது.

எங்கள் வீட்டில் நடந்த இந்தச் சின்ன விஷயம் உலகளவில் ஒரு பெரிய விவாதமாக ஆனது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அளவுகோலை மாற்றியது. வெறும் வயிற்று எல்லையை 7.8இலிருந்து 7.0க்கு இறக்கியது, அது நல்ல காரியம். கூடவே, குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் காத்திருக்கும் சோதனை வழக்கமான பயன்பாட்டுக்குத் தேவையில்லை, வெறும் வயிற்று ரத்தமே போதும் என்ற பக்கம் சாய்ந்தது. செலவு குறைவு, நேரம் மிச்சம். உலக சுகாதார நிறுவனத்துக்காக அதே வேலையைச் செய்தவர்கள் ஆல்பர்ட்டியும் ஜிம்மெட்டும். 7.0ஐ அவர்களும் ஏற்றார்கள். ஆனால் இரண்டு மணி நேரச் சோதனையைக் கைவிட மறுத்தார்கள்.

ஏன் மறுத்தார்கள் என்பதற்கான பதிலில் எங்கள் தீவும் இருக்கிறது. ஜிம்மெட்டின் சக ஆய்வாளர் ஜோனதன் ஷா 1999இல் மொரீஷியஸ் கணக்கை எடுத்து ஒரு கேள்வி கேட்டார். சில ஆண்டுகள் கழித்து நீரிழிவு வந்தவர்களில், முன்கூட்டியே யாரை எந்தச் சோதனை அடையாளம் காட்டியிருந்தது? இரண்டு மணி நேர அளவு அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைக் காட்டியிருந்தது. வெறும் வயிற்று அளவு காட்டியது கால்வாசிப் பேரை. அதே காலத்தில் மொரீஷியஸ், ஃபிஜி, நவுரு மூன்றையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, வெறும் வயிற்றில் சரியாக இருந்து குளுக்கோஸுக்குப் பிறகு மட்டும் ஏறுகிறவர்களுக்கும் சாவு அபாயம் கூடுதல் என்றது.

உடல் வேலை செய்யும் விதம்தான் காரணம். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தபின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, பெரும்பாலும் கல்லீரல் மெதுவாக விடுவது. கணையம் ஓரளவு தளர்ந்திருந்தாலும் அதைச் சமாளித்துவிடும். சோறோ குளுக்கோஸோ ஒரேயடியாக வந்து இறங்கும்போதுதான் தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்கின்றனவா, கணையம் வேகமாக எழுந்து நிற்கிறதா என்பது வெளிப்படும். ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, இவருக்கு மூச்சு வாங்காது என்று சொல்ல முடியுமா? படி ஏறச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்தக் குளுக்கோஸ் தண்ணீர்தான் படி.

ஒரு ஆய்வு மருத்துவரின் வாழ்க்கையில் நான் மதிப்பது இந்தப் பிடிவாதத்தை. சுலபமான சோதனை இருக்கும்போது கடினமானதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல, கையில் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்துக்கு ஒரே மக்களிடம் ஐந்து வருடம், பத்து வருடம் கழித்துத் திரும்பிப் போக வேண்டும். 1998இலும் வந்தார்கள். 2009இலும் ஆய்வு நடந்தது. ஷா, டயானா மெக்லியானோ போன்ற அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் எங்கள் அமைச்சோடு சேர்ந்து அதைத் தொடர்ந்தார்கள். ஜிம்மெட் இதற்கிடையில் தன் சொந்த நாட்டில் 11,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்த பெரிய கணக்கெடுப்பிலும், 2005இல் இடுப்பளவுக்கான புதிய எல்லைகளை வகுத்ததிலும் முன்னின்றார். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது அப்போது வந்ததுதான். ஐரோப்பிய ஆணுக்கு 94. நம் உடம்பு குறைந்த சுற்றளவிலேயே ஆபத்துக்குள் போய்விடுகிறது என்று ஒப்புக்கொண்ட எண் அது. 1987இல் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு காட்டிய அந்த இடுப்பு நினைவுக்கு வருகிறது.

எண்ணெய்க் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் ஊர் மேட்டு நிலத்தில் இருக்கிறது. ஜூலை மாதக் குளிரில் தில்வில் ராசியோன், அதாவது ரேஷன் எண்ணெய், புட்டிக்குள் வெள்ளையாகக் கட்டிபட்டுப் போகும். காலையில் அதை அடுப்பருகே வைத்து உருக்குவது என் வேலை. பெரும்பகுதி பாமாயில். 1987இல் அரசு அந்த எண்ணெயை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றியது. வீட்டில் யாருக்கும் யாரும் புத்திமதி சொல்லவில்லை. அம்மா அதே சட்டியில் அதே கறியைத் தாளித்தாள். 1992இல் கணக்குப் பார்த்தபோது தீவு மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. ரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும்கூடக் குறைந்திருந்தன. ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல் ஒரு நாட்டின் ரத்தத்தையே மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை.

அதே ஆய்வு உடல் பருமன் கூடியதையும் மறைக்காமல் சொன்னது. நீரிழிவு குறையவில்லை. வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால் 1987இல் 12.8 சதவீதமாக இருந்தது 2009இல் 21.3. எண்ணெயை ஓர் உத்தரவால் மாற்றலாம். வாசலுக்கு வரும் வேனை, நாற்காலியை, தெருவுக்குத் தெரு நிற்கும் டால் பூரி வண்டியை, குளிர்பானத்தை எந்த உத்தரவால் மாற்றுவது? 2013இல் குளிர்பானத்தில் உள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி போட்டார்கள். கரும்பால் உருவான நாடு சர்க்கரைக்கு வரி போட்டதை நான் மனதார வரவேற்றேன். ஆனாலும் இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்து எண்ணிய ஒரு மருத்துவருக்கு, எண் ஒவ்வொரு முறையும் ஏறியே இருப்பதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். 2000இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே, இந்தப் பேரழிவைத் தடுக்க முடியுமா என்ற கேள்வி இருக்கிறது.

என் அண்ணனுக்கும் நாற்பத்தொரு வயதில் வந்துவிட்டது. அவர் வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். தைப்பூசம் இங்கே ஜனவரி, பிப்ரவரியில் வரும். எங்களுக்கு அது கடும் கோடை. கத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்கு வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடை. ஒரு வருடம் வீட்டுக்கு வந்தபின் வெள்ளைத் தரையில் ஈரத் தடம் தெரிந்தது. கால் கழுவிய தண்ணீர் என்று நினைத்தோம். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து வழிந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "முருகன் வலி தெரியாம பாத்துக்கிட்டார்" என்றார். அண்ணி அழுதார்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒரு நைலான் இழையை எடுத்து அவர் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்தால் சொல்லச் சொன்னார். பத்து இடத்தில் மூன்றில்தான் அண்ணன் பதில் சொன்னார். சர்க்கரை நரம்பைத் தின்றிருந்தது. புண் ஆற ஏழு வாரம் பிடித்தது. காலை இழக்கவில்லை, அது அந்த நர்ஸின் புண்ணியம். இப்போதும் காவடி எடுக்கிறார். தார் சூடாவதற்கு முன், விடிகாலை முதல் கூட்டத்தோடு. பையன் பின்னால் தண்ணீர் வாளியோடு போகிறான். வீடு வந்ததும் அண்ணி கண்ணாடியை வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறார்.

காவடி விரதம் பத்து நாள். கொடியேற்றத்தன்று கோவிலில் விரத விதிகளைச் சொல்லும்போது, மாத்திரை போடுகிறவர்கள் பட்டினி கிடக்கும்முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் என்ன? எங்கள் கோவிலில் கேட்டேன். இரண்டு வருடமாகச் சொல்கிறார்கள். மற்றக் கோவில்களிலும் கேளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது 76. கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவு வந்து, மொக்காவில் உள்ள சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனையில் லேசர் வைத்தார்கள். பாரதியின் பெயரை வாசலில் பார்த்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆனால் அந்தப் பெயர் நான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற பெயர் என்று தெரியும். பார்வை பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கிறது. 1992இல் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நான் கணக்குப் போடுவதில்லை.

போன மாதம் நானும் சோதனைக்குப் போனேன். வெறும் வயிற்று அளவு போதும் என்று முதலில் சொன்னார்கள். அம்மாவின் கதையைச் சொன்னேன். அங்கிருந்த இளம் மருத்துவர் தலையசைத்துவிட்டு நர்ஸிடம் குளுக்கோஸ் கலக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரை நோட்டுகளைத் திருத்தினேன். பையில் ரொட்டியும் வெண்ணெயும் இருந்தன.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெறும் வயிற்றில் 5.8 என்று சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. என் முழங்கையை இழுத்து, ஊசி குத்திய இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ரெண்டாவது ரத்தம் எடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்தாங்க அம்மா. 8.9."

"அப்ப செருப்பைக் கழட்டாதே. வா, கோவில் வரைக்கும் நடந்துட்டு வரலாம்."